முதலில் நகல், அப்புறம்தான் ஃபார்மட்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். செல்போனில் போடுகிற மெமரி கார்டைப் பற்றியது. "சார் வழக்கமா பழைய பள்ளிக்கூடக் கதைதானே எழுதுவாரு, இதென்ன புதுசா" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையில் இருக்கிற போனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பணி ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் தெருவில் எனக்கு ஒரு புது வேலை வந்து சேர்ந்திருக்கிறது. இயற்பியல் நடத்தியவர், போனும் தெரிந்திருக்கும் என்று நம்பி ஆளாளுக்கு போனை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே புகார்தான்: "பாட்டு பாடமாட்டீங்குதுங்க சார்." என்னிடம் வருவதற்கு முன்பே அவர்களுக்கு யாரோ ஒரு வைத்தியமும் சொல்லியிருப்பார்கள்: "கார்டு போயிருச்சு, ஃபார்மட் போட்டாத்தான் ஆகும்."

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு நின்றுபோனதற்கு ஃபார்மட் கடைசி மருந்து. முதல் மருந்து அல்ல. அடுத்தவருடைய கார்டை நகல் எடுக்காமல் ஃபார்மட் போடுவது, அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே தீ வைப்பதற்குச் சமம். அதை ஒரு சாதாரண ரிப்பேர் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது தவறு.

"இந்தக் காலத்துல கார்டு எதுக்குங்க சார், எல்லாப் பாட்டும் நெட்டுலயே இருக்குதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சினிமாப் பாட்டும் சாமி பாட்டும் நெட்டில் கிடைக்கும். ஆனால் அதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் வேண்டும், சிக்னல் வேண்டும், ஆங்கில எழுத்தில் தேடத் தெரிய வேண்டும், நடுவில் வருகிற விளம்பரத்தைத் தள்ளிவிடத் தெரிய வேண்டும். 75 வயதில் தோட்டத்துச் சாலையில் தனியாகப் படுத்திருக்கிற மனிதருக்கு, பட்டனை அமுக்கினால் டி.எம்.எஸ். பாட வேண்டும், அவ்வளவுதான். செயலிக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் அப்படி இறக்கி வைத்த பாட்டு, 30 நாளுக்கு ஒருமுறையாவது போன் நெட்டில் இணைந்தால்தான் தொடர்ந்து பாடும். சந்தா நின்றால் அதுவும் நிற்கும். கார்டில் இருக்கிற எம்பி3 அப்படி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெரியவர்களின் கார்டில் பாட்டு மட்டுமா இருக்கிறது? பேரன் முதன்முதலாகப் பேசிய மழலை இருக்கும். கோயில் நோன்பில் பாடிய கும்மி இருக்கும். இறந்துபோனவர் ஒருவரின் குரல் இருக்கும். உலகத்தில் எந்த நெட்டிலும் தேடிக் கிடைக்காத சரக்கு அது.

சரி, ஃபார்மட் போட்டால் என்னதான் நடக்கிறது? நம் பள்ளி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று எழுதி வைத்த ஒரு பேரேடு இருக்குமே, கார்டுக்கும் அப்படி ஒரு பேரேடு உண்டு. சாதாரணமாகப் போடுகிற விரைவு ஃபார்மட், பெரும்பாலும் அந்தப் பேரேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசாக வெற்றுப் பேரேடு வைக்கிறது. புத்தகங்கள் அலமாரியில் அப்படியே கிடக்கும், ஆனால் போனின் கண்ணுக்கு நூலகம் காலி. அதற்குப் பிறகு புதுப் பாட்டு ஏற்றினால், பழைய புத்தகம் இருந்த இடத்தில் புதுப் புத்தகம் வந்து உட்காரும். பழையது அப்போதுதான் உண்மையிலேயே அழிகிறது.

இந்த வித்தியாசம் தெரியாததால் என்ன ஆகிறது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, என் மாணவர் ஒருவரின் வீட்டில் நடந்தது. அவருடைய அப்பா உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர். நம் கொங்குப் பக்கத்தில் ராத்திரி ராத்திரியாகத் தொடர்ந்து பாடுகிற கதை என்பது உங்களுக்குத் தெரியும். தான் பாடியதை அவரே போனில் பதிவு செய்து கார்டில் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அந்த அம்மா தினமும் சாயங்காலம் அதைப் போட்டுக் கேட்பார். ஒருநாள் பாடவில்லை. டவுனில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரப் பையன் ஃபார்மட் போட்டு, "ஆத்தா சும்மா போகக் கூடாது" என்ற நல்ல மனசில், காசு வாங்காமல் 600 சினிமாப் பாட்டை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். கார்டு என்னிடம் வந்தபோது மீட்பு மென்பொருள் போட்டு இரண்டு நாள் தேடினோம். கிடைத்தது அங்கங்கே துண்டு துண்டாக நாற்பது நிமிடம். "அவ்வளவுதானுங்களா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கெட்டவன் அல்ல. ஃபார்மட் போட்டதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பெரும்பகுதி திரும்பக் கிடைத்திருக்கலாம். அந்த 600 பாட்டுதான் உடுக்கைப் பாட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, அதுதான் குறை.

இரண்டாவது, எங்கள் பெரியம்மா வீட்டில். வயது 82. கார்டைப் போட்டால் "பழுதாகிவிட்டது, ஃபார்மட் செய்யவும்" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. பேரன் பட்டனை அமுக்கப் போயிருக்கிறான். பெரியம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு, "இருடா, வாத்தியாரு வரட்டும்" என்று முந்தானையில் முடிந்து வைத்துவிட்டது. நான் போய்க் கார்டைக் கழற்றி, ரீடரில் போட்டு லேப்டாப்பில் செருகினேன். ஒன்றிரண்டு பாட்டைத் தவிர எல்லாம் வந்தது. அதில் பெரியம்மாவும் அதன் தங்கையும் சேர்ந்து பாடிய தாலாட்டு ஆறு நிமிடம் இருந்தது. அந்தத் தங்கை என் அம்மா. அம்மா போய் 9 வருடம் ஆகிறது. ஒரு பட்டனுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் 82 வயதுப் பிடிவாதம் ஒன்று மட்டும்தான் நின்றது.

இதனால்தான் சொல்கிறேன், வரிசை முக்கியம். பாட்டு வரவில்லை என்றால் கார்டைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. நான் பார்க்கிற வரிசையை எழுதுகிறேன்.

1. சத்தமே இல்லையா, பாட்டு மட்டும் இல்லையா? ரிங் அடிக்கிற சத்தம் வேறு, பாட்டுக்கான சத்தம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி அளவு. பாட்டை ஓடவிட்டுக்கொண்டே சத்தம் கூட்டும் பட்டனை அமுக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது.

2. மேலே ஹெட்போன் படமோ ப்ளூடூத் குறியோ தெரிகிறதா? பேரன் விட்டுப்போன ப்ளூடூத் ஸ்பீக்கர் பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருக்கும், ஆத்தா இங்கே போனைத் தட்டிக்கொண்டிருப்பார். ஹெட்போன் செருகும் ஓட்டையில் பஞ்சும் தூசியும் அடைந்தாலும், ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு போன் ஸ்பீக்கரை நிறுத்திவிடும். போனை அணைத்து, மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஊக்கு, ஊசி வேண்டாம்.

3. திரை அணைந்ததும் பாட்டும் நின்றுவிடுகிறதா? அது கார்டின் குற்றமே இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க போன் அந்தப் பிளேயரைத் தூங்க வைக்கிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

4. ஃபைல்களைக் காட்டும் செயலியில் பாட்டு இருக்கிறது, பிளேயர் பட்டியலில் மட்டும் இல்லையா? போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். போன் கார்டைத் திரும்பப் படித்துப் பட்டியல் போடும். அப்படியும் வரவில்லை என்றால், அந்த ஃபோல்டரில் முன்னால் புள்ளி வைத்து 'நோமீடியா' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்த ஒரு குட்டி ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கிற ஃபோல்டரை ஆண்ட்ராய்டு பட்டியலில் சேர்க்காது. மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொன்னால்தான் அது தெரியும்.

5. ஒரே ஒரு பாட்டு மட்டும் பாடவில்லையா? அதன் அளவைப் பாருங்கள். சாதாரணமாக 128 கேபிபிஎஸ் தரத்தில் இருக்கிற எம்பி3, நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி வரும். ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பி இருக்க வேண்டிய இடத்தில் 0 என்று காட்டினால், ஏற்றும்போதே பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். திரும்ப ஏற்றினால் முடிந்தது.

6. கார்டே தெரியவில்லையா? போனை அணையுங்கள். கார்டை எடுத்து, பொன்னிறப் பட்டைகளை உலர்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்து, ட்ரேயில் சரியாக உட்கார வைத்துப் பாருங்கள். கீழே விழுந்த போனில் கார்டு இம்மி நகர்ந்திருந்தாலும் தெரியாது. வேறு போனிலோ ரீடரிலோ போட்டும் பாருங்கள். சில சமயம் போன்தான் பழுது, கார்டு நன்றாக இருக்கும்.

7. "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறதா? அங்கே நிறுத்துங்கள். வேண்டாம் என்று அமுக்கி, போனை அணைத்து, கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் போட்டாலும் "சரிசெய்யவா, ஃபார்மட் செய்யவா" என்று அதுவும் கேட்கும். அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். தெரிகிற ஃபைல்களை முதலில் நகல் எடுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருள் இருக்கிறது. மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள், கம்ப்யூட்டரில் சேமியுங்கள். பெயர்கள் போய் வெறும் எண்களாக வரும். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். கார்டு உடைந்திருந்தாலோ, செருகியதும் சுட்டாலோ மட்டும் நீங்களாக முயலாமல் தகவல் மீட்பு தெரிந்தவரிடம் போங்கள்.

இந்த ஏழையும் பார்க்க அரை மணி நேரம் போதும். ஃபார்மட் போட ஒரு நிமிடம் போதும் என்பதால்தான் எல்லோரும் அதற்கே ஓடுகிறோம்.

இன்னும் மூன்று இடங்களில் நல்ல கார்டைக் "கெட்டுப்போச்சு" என்று தூக்கி எறிவதையோ, கெட்ட கார்டை நம்புவதையோ பார்க்கிறேன்.

ஒன்று, 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து, சில போன்களில் கார்டை போனின் உள் நினைவகம் போலவே ஆக்கிக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிச் செய்த கார்டை அந்த போன் பூட்டிவிடும்; சாவி அந்த போனிடம் மட்டும் இருக்கும். அதைப் புது போனில் போட்டால், புது போன் "ஃபார்மட் செய்" என்றுதான் சொல்லும். கார்டு கெடவில்லை கண்ணுகளா! பழைய போனிலேயே திரும்பப் போட்டு நகல் எடுங்கள். அதற்குள் பழைய போனை "எல்லாம் அழித்து" எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் சாவியும் போச்சு. ஆகவே புது போன் வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள், பழைய கார்டு புது போனில் பாடுகிறதா என்று பார்த்த பிறகே பழையதைக் கொடுங்கள்.

இரண்டு, போலிக் கார்டு. நம்ப முடியாத விலைக்கு 512 ஜிபி என்று விற்பார்கள். உள்ளே இருப்பது அதில் சிறு பங்குதான். போனிடம் மட்டும் 512 என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். முதலில் ஏற்றிய பாட்டு பாடும், உண்மையான இடம் தீர்ந்த பிறகு ஏற்றியது பாடாது, அல்லது முன்னால் ஏற்றியதும் சேர்ந்து கெடும். எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ என்று சோதிக்கிற இலவச மென்பொருள்கள் உண்டு. கார்டு வாங்கிய அன்றே, வெறும் கார்டாக இருக்கும்போதே சோதியுங்கள். பாட்டு கேட்க 32 ஜிபி தாராளம். 5 எம்பி கணக்கில் 6,000 பாட்டுக்கு மேல் பிடிக்கும். ஆத்தாவுக்கு அத்தனை எதற்கு?

மூன்று, அழித்த பாட்டு, போனை அணைத்துப் போட்டால் திரும்ப வந்து நிற்கிறதா? பேய் எல்லாம் இல்லை. கார்டின் ஆயுள் முடிகிறபோது சில கார்டுகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் விடும். "இருக்கிறதை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிடு" என்று அது கடைசியாகச் சொல்கிறது. அன்றே நகல் எடுத்துவிட்டு அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

நம் மாணவர்களில் மொபைல் கடை வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். "ஃபார்மட் போடும் முன் நகல் எடுத்துத் தரப்படும்" என்று கடையில் ஒரு போர்டு வையுங்கள். அதற்குத் தனியாக 50 ரூபாய் வாங்குங்கள், தப்பே இல்லை. உழைப்புக்குக் கூலி வேண்டும். வாடிக்கையாளர் "ஒன்றும் இல்லை, அழிச்சுருங்க" என்று சொன்னாலும், "சொந்தக்காரங்க குரல், போட்டோ ஏதாவது இருக்குதுங்களா?" என்று ஒருமுறை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தான் அவர்களுக்கே நினைவு வரும்.

இதில் ஒரு நியாயமான பயமும் இருக்கிறது. கடையில் நகல் எடுத்தால், வீட்டுப் பெண்களின் போட்டோ எல்லாம் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் தங்கிவிடாதா? தங்கலாம். அதனால் அவர்கள் கண் முன்னாலேயே ஒரு புதுக் கார்டுக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் வைக்காதீர்கள். அதைவிடச் சிறந்தது, இந்த வேலையைப் பெற்ற பிள்ளைகளே வீட்டில் செய்வது.

ஆகவே வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள். அடுத்த முறை நோம்பிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது 200, 300 ரூபாயில் கிடைக்கிற ஒரு கார்டு ரீடர் வாங்கி வாருங்கள். அம்மா அப்பா போனை அணைத்து, கார்டை எடுத்து, முழுவதையும் லேப்டாப்பில் ஒரு நகல், வேறு ஒரு டிஸ்கில் ஒரு நகல் என்று வையுங்கள். போனின் உள்ளே இருப்பதையும் மறக்காதீர்கள்; வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள் பொதுவாகக் கார்டில் இருக்காது, போனுக்குள்ளேயே தனி ஃபோல்டரில் ஓபஸ் என்கிற வகை ஃபைலாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, "இது யாரு குரல், எந்த வருசம்?" என்று கேட்டு ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே வைக்க வேண்டிய பெயர் அது.

மெமரி கார்டு சுமந்து செல்கிற பை; பூட்டி வைக்கிற பீரோ அல்ல. 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம் உள்ள ஒரு சில்லை நம்பி ஒரு குடும்பத்தின் குரலை விட்டுவைக்கக் கூடாது. அதே சமயம், "அந்தப் பழைய போனைத் தூக்கிப் போடுங்க" என்று பெரியவர்களிடம் அலட்சியமாகப் பேசவும் கூடாது. அவர்கள் கேட்பது பாட்டை மட்டும் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம்.

யார் வீட்டிலாவது "ஃபார்மட் செய்யவா" என்று போன் கேட்டுக்கொண்டு நின்றால், கார்டைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு இங்கே கமெண்டில் எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாததை, கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற உங்கள் அண்ணன் அக்காமார் வந்து சொல்வார்கள். மொபைல் கடை வைத்திருக்கிறவர்கள் கண்ணில் படும்படி பகிர்ந்தால் மகிழ்ச்சி.

எல்லோரும் நலமாக இருங்கள்.